சீரோட வந்தவ

தமிழா அம்முணி? அப்பாடா. நீ போன்ல "சரிங்மா, சரிங்மா"ன்னு பேசினியே, அந்த "ங்"கக் கேட்டதுமே நம்ம பக்கத்துப் புள்ளைன்னு தெரிஞ்சு போச்சு. எந்தூரு? காங்கயமா? இப்படி வந்து உக்காரு. இங்க மாறி ஏறோணும், கொச்சி பிளேனுக்கு இன்னும் மூணு மணி நேரம் இருக்குதாம். இந்தத் தள்ளுவண்டியப் பாத்துப் பயந்துக்காத, எனக்குக் கால் நல்லாத்தான் இருக்குது. தள்ளுவண்டி வேணும்னு எழுதிக் குடுத்தா ஒரு எடத்துலயும் வரிசைல நிக்க வேண்டாம், இங்கிலீசும் பேச வேண்டாம்னு எங்க நாத்தனா சொல்லிக் குடுத்தது.

ஆறு மாசத்துக்குன்னு அமெரிக்கா போனவ அம்முணி நான். நாலாம் மாசமே திரும்பறேன். ஏன்னு கேளு. என்ற மருமக ஒரு கதை எழுதினா. அவ அங்க உக்காந்து கதை எழுதினா, இங்க குண்டடத்துல என்ற வீட்டுல ஆளில்லாமப் போச்சு. இத எங்க போயிச் சொல்றது?

என்ற பேரு சவுந்தரம். குண்டடத்துல பெரிய தோட்டத்து வீடுன்னு கேட்டா ஆரும் கை காட்டுவாங்க. வீட்டுக்காரர் போயி ஆறு வருசமாச்சு. ஒரே பையன், சிபிச்சக்கரவர்த்தி. அட்லாண்டாங்கற ஊர்ல கம்ப்யூட்டர் வேலை. அங்கயே ஒரு புள்ளையப் பாத்துக் கல்யாணம் பண்ணிக்கிட்டான். கெண்ட்ரான்னு பேரு. பள்ளிக்கூடத்துல சரித்திரம் சொல்லிக் குடுக்கறா. கறுப்பினம். நான் நிறத்தப் பத்தி ஒண்ணுமே சொல்ல மாட்டேன் அம்முணி. இன்னைக்கு வரைக்கும் ஒரு வார்த்தை சொன்னதில்ல. கல்யாண போட்டோவ ஒறம்பரை, சொந்தக்காரங்களுக்கு அனுப்பறப்ப மட்டும் ஸ்டுடியோக்காரங்கிட்டக் குடுத்துக் கொஞ்சம் வெளிச்சம் ஏத்தச் சொன்னேன். அந்த மசையன் எச்சா ஏத்தீட்டான், சிபிக்கு மூக்கே காணாமப் போச்சு. கெண்ட்ரான்னா நம்ம சனத்துக்கு வாயில நுழையாது பாரு, அதனால சந்திரான்னு சொல்லீட்டேன். சந்திரான்னா நம்ம வீட்டுப் புள்ளை மாதிரியே இருக்குதில்ல?

சந்திராவுக்குப் பேறுகாலம்னு சிபி கூப்பிட்டான். வீட்டை மாராத்தாகிட்ட உட்டுட்டுக் கெளம்பினேன். மாராத்தா ஆருன்னா, எங்க வீட்டு ஆளு. ஆளுன்னா வேலைக்காரின்னு நெனச்சுக்காத. வேலைக்காரின்னா சம்பளம் வாங்குவா, நாள் கெழமைக்கு ஊருக்குப் போவா. இவ அப்படியில்ல. நாப்பத்தாறு வருசமா எங்ககூடவே இருக்கறவ. குடும்பத்துல ஒருத்தி மாதிரி.

போயி ஒரு வாரம் இருக்கும். சாயங்காலம், சந்திரா வவுத்தத் தள்ளிக்கிட்டுச் சாப்பாட்டு மேசைல காயிதமாப் பரப்பி உக்காந்திருக்கறா. என்னடா இதுன்னு சிபியக் கேட்டேன். அவ ஒரு நாவல் எழுதறாம்மா, அவங்க பூர்வீகத்தப் பத்தின்னான். எனக்குப் பூர்வீகம்னா ரொம்பப் புடிக்கும். எங்க பக்கம் ஏழு தலைமுறை, அவுங்கப்பா பக்கம் ஒம்பது தலைமுறை, மூச்சு உடாமச் சொல்லுவேன். உங்களுது எத்தனைன்னு கேட்டேன். சிபிதான் நடுவுல நின்னு ரெண்டு பக்கமும் மாத்திச் சொன்னான். நாலு தலைமுறை வரைக்கும் பேரு கெடைச்சுதாம். அதுக்கு மேல ஒரே ஒரு காயிதம். ஆயிரத்தி எண்ணூத்தி அம்பத்திரெண்டுல ஒரு பெரிய தோட்டக்காரரு தன் மகளுக்குக் கல்யாணச் சீர் எழுதின பட்டியல். அதைச் சிபி எனக்குப் படிச்சுக் காட்டினான்.

"கட்டில் ஒண்ணு. கடிகாரம் ஒண்ணு. வெள்ளி ஸ்பூன் ஒரு பெட்டி. கோவேறு கழுதை ரெண்டு. பொண்ணு ஒண்ணு, வயசு பதினொண்ணு."

எனக்குச் சந்தோசம்னா அப்படி ஒரு சந்தோசம். "ஏண்டா, இவ்வளவு பெரிய குடும்பத்துல பொண்ணெடுத்திருக்கறே, மொதல்லயே எங்கிட்டச் சொல்லக் கூடாதா? நான் ஏன் போட்டோவுக்கு வெளிச்சம் ஏத்தப் போறேன்? எனக்கும் இப்படித்தாண்டா குடுத்தாங்க. கட்டில் ஒண்ணு, பீரோ ஒண்ணு, அண்டா குண்டா, மாடும் கன்னும், அப்புறம் மாராத்தா. அவளுக்கும் பதினொண்ணுதான் நடந்துச்சு. சொல்லு, சந்திராகிட்டச் சொல்லு"ன்னேன்.

சிபி அந்தக் காயிதத்த மடிச்சு வெச்சான். அப்புறம் மெதுவா, "அம்மா, இவங்க சீர் வாங்கின குடும்பம் இல்லம்மா. சீராப் போனாளே, அந்தப் பொண்ணோட வம்சம்"ன்னான்.

அதுக்கென்னடா, நான் சொன்னதச் சொல்லுன்னேன். சொல்ல மாட்டேன்னுட்டான். எனக்கென்ன, வாயில்லையா? நானே சந்திராகிட்டப் போயி, "மை மேரேஜ், ஒன் கட்டில், ஒன் கவ், ஒன் மாராத்தா"ன்னு சொல்லி, பத்து வெரலையும் காட்டி, அப்புறம் ஒரு வெரலைக் காட்டினேன். அவளுக்குப் புரிஞ்சுபோச்சு. கையில இருந்த பென்சிலைக் கீழ வெச்சா. அப்புறம் பென்சிலை எடுத்துப் புதுப் பக்கத்தத் திருப்பி, "மா-ரா-த்-தா?"ன்னு எழுத்துக் கூட்டிக் கேட்டா. அன்னைலருந்துதான் அம்முணி அவளுக்கு எங்க குடும்பத்து மேல ஒரு ஆர்வம் வந்துச்சு.

அந்த வாரமே என்னையும் சிபியையும் கார்ல கூட்டிட்டுப் போனா, அந்தச் சீர் போயிச் சேந்த தோட்டத்தைக் காட்டறதுக்கு. இப்ப அதக் காட்சிக்கு வெச்சிருக்கறாங்க, டிக்கெட் எடுத்துப் பாக்கறாங்க. அம்முணி, வீடுன்னா அது வீடு! முன்னால எட்டுத் தூணு. ஒவ்வொரு தூணும் நாலு பேரு கை கோத்தாத்தான் கட்டிப் புடிக்க முடியும். நான் அங்க நின்னு ஒரு போட்டோ எடுத்து, "மருமகள் வீட்டுப் பூர்வீகம்"னு எழுதி ஒறம்பரை குரூப்புல போட்டேன். நாப்பது பேரு கும்புடு போட்டாங்க. எங்க கொழுந்தியா, வீட்டுக்காரரு தங்கச்சி, வாயத் தொறந்து ஒரு நல்ல வார்த்தை சொல்லாதவ, "சம்பந்தம் பெருசுதான்"னு எழுதினா.

பொறவு பின்பக்கம் கூட்டிட்டுப் போனா. சின்னச் சின்னப் பலகை ரூம்பு, வரிசையா. அடிமைங்க இருந்த எடமாம். சந்திரா ஒரு வாசல்ல கைய வெச்சுக்கிட்டு அப்படியே நின்னுட்டா. அழுகறாளாட்ட இருந்துச்சு. நான் உள்ள போயிச் சுத்திப் பாத்துட்டு வந்து, பாவம் ஆறுதல் சொல்லோணுமில்ல, சிபிகிட்டச் சொன்னேன்: "அழுக வேண்டாம்னு சொல்லுடா. பலகைத் தரை போட்டிருக்கறாங்க, கணப்பு வெச்சிருக்கறாங்க. நம்ம மாட்டுக் கட்டுத்தரைக்குப் பக்கத்து ஓலைக் கொட்டாய்ல மாராத்தா இருக்கறாளே, அங்க இந்தளவுக்குக் கூட இல்லையே. இதெல்லாம் நல்லாத்தான் வெச்சிருந்திருக்கறாங்க."

இத மட்டும் சிபி ஒடனே மாத்திச் சொன்னான். ஒரு வார்த்தை உடாமச் சொன்னான். ஏன்னு தெரியல. திரும்பி வர்றப்ப ஓட்டலுக்குப் போலாம்னு சொல்லியிருந்தாங்க, போகல.

அந்த வெள்ளைக்காரங்க படுபாவிங்க அம்முணி. அதுல எனக்கு ரெண்டாவது பேச்சே இல்ல. மனுசனை மனுசன் வெலைக்கு வாங்கறதாவது! எங்க பக்கத்துல அந்த மாதிரி வாங்கறது விக்கறதெல்லாம் கெடையாது. மாராத்தாவோட அப்பன் எங்கப்பாவோட பண்ணையத்துல இருந்தான். எனக்குக் கல்யாணம் பேசினதும், புதுசாப் போற எடத்துல புள்ளை தனியாக் கஷ்டப்படுமேன்னு எங்கையன் அவளை அனுப்பி வெச்சாரு. வண்டில என்ற பெட்டிமேல உக்காந்துக்கிட்டு வந்தா. வழியெல்லாம் அழுதா. நானும்தான் அழுதேன். ரெண்டு பேரும் ஒட்டுக்கா அழுதோம். அதுல என்ன வித்தியாசம் இருக்குது சொல்லு?

அப்புறம் தெனமும் மத்தியானம் சந்திரா நோட்டை எடுத்துட்டு என்ற பக்கத்துல வந்து உக்காந்துக்குவா. சிபி வீட்டுலருந்தே வேலை செய்யறவன், அவன்தான் நடுவுல. மாராத்தா எங்க படுப்பா, எப்ப எந்திரிப்பா, என்ன சாப்புடுவா, ஆரு அவளுக்குத் துணி எடுத்துக் குடுப்பாங்கன்னு கேட்டுக்கிட்டே இருப்பா. நான் எல்லாத்தையும் மறைக்காமச் சொன்னேன். மறைக்க என்ன இருக்குது? தீபாவளிக்குத் தீபாவளி என்ற சேலைல ரெண்டு குடுத்துருவேன், கிழிஞ்சது குடுக்க மாட்டேன். இன்னொருத்தியா இருந்தாக் குடுப்பாளா?

ஒரு நாள், "அவங்களுக்கு ஏன் கல்யாணம் பண்ணி வெக்கல?"ன்னு கேட்டா.

பண்ணி வெக்கக் கூடாதுன்னு ஆரும் நெனைக்கல அம்முணி. உடுமலைலருந்து கொத்தனாரு ஒருத்தன் வந்தான், வேலுச்சாமின்னு பேரு, எங்க வீட்டுக்குச் சுத்துச் சுவர் வெச்சவன். நல்ல பையன். இவளைக் கேட்டு ரெண்டு தடவை வந்தான். ஆனா அந்த வருசந்தான் சிபி பொறந்தான். எட்டு வருசம் கோயில் கோயிலாப் போயிப் பொறந்த கொழந்தை. அதையும் வெச்சுக்கிட்டு, மாமியாளையும் வெச்சுக்கிட்டு நான் ஒருத்தி என்ன பண்ணுவேன்? அடுத்த வருசம் பாத்துக்கலாம்னு சொன்னேன். முடியாதுன்னா சொன்னேன்? அடுத்த வருசம் பாத்துக்கலாம்னுதான் சொன்னேன். அவன் அப்புறம் வரல. ஆம்பளைங்க அப்படித்தான். மாராத்தா ரெண்டு நாள் சாப்புடல. கேட்டா வவுத்து வலின்னா. நானே என்ற கையால ஓமத்தண்ணி வெச்சுக் குடுத்தேன். அதையும் மறக்காம எழுதிக்கச் சொல்லுன்னு சிபிகிட்டச் சொன்னேன்.

சிபி எந்திரிச்சு வெளிய போயிட்டான். அன்னைக்கு அதோட நின்னு போச்சு.

அடுத்த நாள் சந்திரா, மாராத்தாகிட்டப் பேசோணும்னா. எதுத்த வீட்டு ராசாமணி போன்ல கூப்பிட்டோம். அங்க சாயங்காலம், நம்மூர்ல விடிஞ்சு கொஞ்ச நேரம். மாராத்தா போனை எட்டப் புடிச்சுக்கிட்டு நின்னா. சந்திரா சிபிகிட்டச் சொல்லிக் கேட்டா, "உங்க அம்மா பேரு என்னங்க?"

மாராத்தா போனைக் கிட்டக் கொண்டு வந்தா.

"பூவாயிங்க"ன்னா அப்புறம். "ஏனுங் தம்பி, எதுக்குங்க கேக்கறாங்க?"

"சும்மாத் தெரிஞ்சுக்கறதுக்குத்தான் மாராத்தா. அவளோட பாட்டிக்குப் பாட்டியும் பதினொரு வயசுலதான் அவங்கம்மாவ உட்டுட்டு வந்தாங்களாம். அவங்கம்மா பேரு ஆருக்கும் தெரியாதாம். அதான் உங்களைக் கேக்கறா."

"அட சாமி"ன்னா மாராத்தா. "அந்தப் புள்ளைய அழைச்சுட்டுப் போறப்ப அவங்கம்மா வாசலுக்கு வந்துச்சாங்க, வரலையாங்க?"

சந்திராவுக்கு அது தெரியாது. ஆருக்குத் தெரியும், நூத்தியெழுவது வருசத்துக் கதை? மாராத்தா சொன்னா, "எங்கம்மா வரலைங்க. உள்ளயே இருந்துக்கிச்சு. பாத்தா உட மாட்டேன்னு இருந்துக்கிச்சு போல"ன்னு. இத்தனை வருசத்துல எங்கிட்ட ஒரு நாள் கூட இதெல்லாம் சொன்னதில்ல அம்முணி. முன்ன பின்ன தெரியாத ஒருத்திகிட்ட, அதும் போன்ல, எல்லாத்தையும் சொல்றா.

அதுக்கப்புறம் வாரம் ரெண்டு தடவை பேச்சு. சிரிப்பு வேற. ரெண்டு பேருக்கும் பொதுவா ஒரு பாசை கெடையாது, என்னதான் சிரிப்பாங்களோ. நான் பக்கத்துல போயி, "மாட்டுக்குத் தண்ணி காட்டினியா? மாடில தொவரை காயப் போட்டியா?"ன்னு கேட்டா, "ஆச்சுங்கம்மா"ன்னு சொல்லிட்டு மறுபடியும் சந்திராவப் பாத்துக்குவா.

ஆடி மாசம் கொழந்தை பொறந்துச்சு, பொம்பளைப் புள்ளை. நான் குங்குமப்பூ ஒரு டப்பா கொண்டு போயிருந்தேன், சந்திரா அதைச் சோத்துல போட்டுச் சமைச்சுட்டா. போகுது. கொழந்தை மூக்கும் முழியும் அப்படியே எங்கையன். சவுந்தர்யான்னு பேரு வைக்கலாம்னேன். அவங்க "மாரா"ன்னு வெச்சுட்டாங்க. அது பைபிள்ல வர்ற பேராமா. சந்திரா வேதக்காரி, அவங்க கோயில் பழக்கம், நாம தலையிடக் கூடாது. நான் குரூப்புல மீரான்னு போட்டுட்டேன். மாராத்தாகிட்ட சிபி போன்ல கொழந்தையக் காட்டிப் பேரைச் சொன்னப்ப அவ முந்தானைய வாயில வெச்சுக்கிட்டு உக்காந்துட்டா. அவளுக்கு எதுக்கு அழுகை வந்துச்சுன்னு எனக்குப் புரியல. சிபியத் தூக்கி வளத்தவளாச்சே, அந்தப் பாசமா இருக்கும்.

கொழந்தைக்கு நாப்பது நாளாகறப்பக் கதையும் முடிஞ்சுது. சிபி எனக்குத் தமிழ்ல சொல்லிக் காட்டினான். கதை என்னன்னா, அட்லாண்டாவுல துணி தொவைக்கற கடை வெச்சிருக்கற ஒரு கறுப்புப் பொம்பளை. லூவெல்லான்னு பேரு. அவகிட்டப் பழைய மரத்தொட்டி ஒண்ணு இருக்குது. அதுல சுடுதண்ணி ஊத்திக் கைய வெச்சா, நூத்தியெழுவது வருசம் பின்னால போயிடறா! எனக்கு அமெரிக்கா போறதுக்கே ஒரு நாளாச்சு அம்முணி, இவ தொட்டில கைய வெச்சதும் போயிடறா. போற எடம், அந்த எட்டுத் தூணு வீடு. அங்க சீராக் குடுத்த பதினொரு வயசுப் புள்ளை வளந்து பெரியவளாகித் துணி தொவைச்சுக்கிட்டு இருக்கறா. அவ பேரைத் தெரிஞ்சுக்கிட்டு வரோணும்னு லூவெல்லாவுக்கு ஆசை. ஆனா அந்த வீட்டுல அவளை ஆரும் பேரு சொல்லிக் கூப்புடறதே இல்ல.

அந்த வீட்டுல ஒரு எசமானியம்மா இருக்கறாங்க. அம்முணி, அந்தம்மா நாந்தான்! நான் சொல்றது பொய் இல்ல. நான் பேசினதையெல்லாம் அப்படியே எழுதியிருக்கறா. "அவ வேலைக்காரி இல்ல, குடும்பத்துல ஒருத்தி மாதிரி"ங்கறது, "முடியாதுன்னா சொன்னேன், அடுத்த வருசம்னுதான் சொன்னேன்"ங்கறது, ஓமத்தண்ணி கூட வருது, அங்க அது ஏதோ எலைக் கசாயம். வெள்ளைக்காரச்சி, பட்டுக் கவுனு, எட்டுத் தூணு வீடு. என்னை வெச்சு இப்படி ஒரு பாத்திரத்த எழுதுவாள்னு நான் கனவுல கூட நெனைக்கல. நல்ல மருமகதான்.

சிபி படிக்கறத நிறுத்திட்டு என்னைப் பாத்தான். "அம்மா, இதக் கேக்கறப்ப உனக்கு ஒண்ணும் தோணலையா?"

"ஏன் தோணாது? நல்லாத் தோணுது. மேல படி."

கடைசில லூவெல்லா அந்தப் புள்ளைகிட்ட அவங்கம்மா பேரைக் கேக்கறா. வேற ஒண்ணுமே செய்யல, துப்பாக்கி இல்ல, சண்டை இல்ல. கேக்கறா, அவ்வளவுதான். தொட்டி வழியா அவளைக் கூட்டிட்டு வரவும் முடியாது, தண்ணி ஒரு ஆளுக்குத்தான் வழி உடுமாமா. அவளாத்தான் போகோணும். அந்தப் புள்ளை ரெண்டு நாள் யோசிக்குது, மூணாம் நாள் தொவைச்ச துணியைக் கொடில காயப் போட்டுட்டு, ஆத்தைத் தாண்டி நடந்து போயிடுது. எசமானியம்மா எந்திரிச்சு வந்து பாக்கறாங்க. ஆளில்ல. கவுனுக்குப் பின்னால இருக்கற பொத்தானைத் தானாப் போட்டுக்கத் தெரியல, அடுப்பு எப்படிப் பத்த வெக்கறதுன்னு தெரியல, முதுகைத் தொறந்து போட்டுக்கிட்டு வாசல்ல நிக்கறாங்க.

எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. "பாவம்டா"ன்னேன்.

சிபி சட்டுனு பக்கத்துல வந்து என்ற கையப் புடிச்சான். "ஆமாம்மா. பாவம்தான் அந்தப் பொண்ணு."

"பொண்ணா? அவளுக்கென்ன, போயிட்டா. நான் அந்தம்மாவச் சொன்னேன். தனியா அத்தனை பெரிய வீட்டுல என்னடா பண்ணும்?"

கைய உட்டுட்டான்.

அதுக்கு அடுத்த வாரம் மாராத்தாவே கூப்பிட்டா. புது நம்பரு. அவளுக்குன்னு ஒரு போன் வாங்கியிருக்கறா, எனக்கு ஒரு வார்த்தை சொல்லாம.

"ஏனுங்கம்மா, பல்லடத்துல பொண்ணுங்க தங்கற ஆஸ்டல்ல சமையலுக்குச் சேத்திக்கறாங்களாமுங்க. நாளைக்கு வரச் சொல்லியிருக்கறாங்க. மாட்டை ராசாமணியக்கா பாத்துக்கறேன்னாங்க. சாவியும் அவங்ககிட்டக் குடுத்தர்றேன்."

"ஏய், இந்த வயசுல உனக்கெதுக்கு அதெல்லாம்? நான் என்ன கொறை வெச்சேன்?"

"கொறை ஒண்ணும் இல்லைங்கம்மா."

"அப்புறம் என்ன? நான் வர்ற வரைக்குமாவது இருக்கலாமில்ல?"

"நீங்க வந்தீங்கன்னா நான் போக மாட்டனுங்க. அதனாலதானுங்க இப்பப் போறேன்."

பாத்தியா அம்முணி? எவ்வளவு பாசம் இருந்தா இப்படிச் சொல்லுவா? என்ற மூஞ்சியப் பாத்தா அவளுக்குக் கால் எழாது. அப்படிப்பட்டவளை இப்படிக் கெளப்பி உட்டிருக்கறாங்கன்னா, அந்தக் கதைக்குன்னு கேட்ட கேள்வியெல்லாம் எவ்வளவு பொல்லாததா இருக்கோணும்!

சிபியப் புடிச்சுச் சண்டை போட்டேன். நீதானடா தூண்டி உட்டேன்னேன். "நான் ஒண்ணும் செய்யலம்மா. மாராத்தா அவங்க ஆதார் கார்டு எங்க இருக்குதுன்னு கேட்டாங்க, உன் பீரோவுல மேல் தட்டுல இருக்கும்னு சொன்னேன்"னான். பீரோ சாவி எப்பவும் மாராத்தா இடுப்புலதான் இருக்கும். என்ற நகையெல்லாம் அதுலதான் இருக்குது. ஒரு குண்டுமணி கூடக் கொறையல, ராசாமணி பாத்துச் சொல்லீட்டா. அவ கார்டை மட்டும் எடுத்துட்டுப் போயிருக்கறா. தங்கமானவ அம்முணி, அந்த விசயத்துல நான் அவளை ஒரு சொல்லு சொல்ல மாட்டேன்.

சந்திராகிட்டயும் கேட்டேன், நீ பண்ணினது நல்லா இருக்குதான்னு. கொழந்தையத் தோள்ல போட்டுத் தட்டிக்கிட்டே என்னமோ சொன்னா. சிபி மாத்திச் சொன்னான்: "அத்தை, நான் அவங்களைப் போங்கன்னு சொல்லல. பேரும் ஊரும்தான் கேட்டேன்." அப்புறம் எனக்கு டீ போட்டுக் குடுத்தா. பக்கத்துலயே உக்காந்திருந்தா. கெட்டவ இல்ல. படிச்சவ, வெவரம் பத்தல. பேரும் ஊரும் கேட்டா மனுசங்களுக்கு ஊர் நெனப்பு வருமா வராதா?

இனி அங்க இருந்து என்ன பண்றது? டிக்கெட்டை முன்னால மாத்துடான்னுட்டேன். வீடு பூட்டிக் கெடக்குது. அப்படி ஒரு வீட்டை நான் கல்யாணமாகி வந்ததுலருந்து பாத்ததில்ல. நான் எந்திரிச்சு வந்தா வாசல் தெளிச்சிருக்கும், காப்பி இருக்கும். அதெல்லாம் தானா நடக்கற மாதிரியே இருக்கும்.

இந்த ஏர்போர்ட்ல எறங்கினதும் மொத வேலையா, இந்தத் தள்ளுவண்டிப் பையனை வைஃபை போட்டுக் குடுக்கச் சொல்லி மாராத்தாவக் கூப்பிட்டேன். பின்னால புள்ளைங்க சத்தம், பாத்திரச் சத்தம். "ஒரு நிமிசம் இருங்க"ன்னு என்னைக் காக்க வெச்சுட்டு ஆருகிட்டயோ, "கண்ணு, மொதல்ல கையக் கழுவிட்டு வா"ன்னு அதட்டறா. அவ குரல் அவ்வளவு சத்தமா வரும்னு எனக்குத் தெரியாது.

"மாராத்தா, நாளைக்கு வீட்டுக்கு வந்துருவேன். நீ எப்ப வர்றே?"

"எனக்கு ஞாயித்துக்கெழம லீவுங்கம்மா."

"சரி, ஞாயித்துக்கெழம வந்துரு."

"இல்லைங்க. நீங்க வாங்க. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால ஒரு ரூம்பு எடுத்திருக்கறனுங்க. நானும் இன்னொரு அக்காளும் இருக்கறோம். பல்லடத்துல எறங்கினதும் போன் பண்ணுங்க, நான் வந்து கூட்டிக்கறேன். சோறாக்கி வெக்கறேன், சாப்புட்டுட்டுப் போலாமுங்க."

வாங்கங்கறா அம்முணி. அவ வீட்டுக்கு. என்னை. சாப்புட்டுட்டுப் போலாமாம்! நான் என்ன ஒறம்பரையா, விருந்தாளியா? எனக்கு வந்த கோவத்துக்குப் போனைத் தூக்கி எறிஞ்சிருப்பேன், சிபி புதுசா வாங்கிக் குடுத்தது, அதனால உட்டேன். நாங்க அவ கையாலதான் நாப்பத்தாறு வருசமாச் சாப்புடறோம், அது வேற. அது எங்க வீட்டுல. அவ ரூம்புல போயி, அவ எலை போட்டு, அவ எதுத்தாப்புல உக்காந்துக்கிட்டு... ஊர்ல ஆராவது பாத்தா என்ன சொல்லுவாங்க? கொழுந்தியா காதுக்குப் போச்சுன்னா குரூப்புல போட்டுருவா.

ஆனாப் போய்த்தான் ஆகோணும். போகாம எப்படி அவளைக் கூட்டிட்டு வர்றது? நான் நேரா நின்னு கூப்பிட்டா வந்துருவா. வராம எங்க போவா?

வெறுங்கையோட போக முடியாதில்ல. ஒரு வீட்டுக்கு மொதத் தடவையாப் போறோம். அதான் இங்க உக்காந்து ஒரு மணி நேரமா யோசிச்சுக்கிட்டு இருக்கறேன், என்ன வாங்கீட்டுப் போறதுன்னு. அந்தக் கடைல சாக்லேட் இருக்குது, பேரீச்சம்பழம் இருக்குது. அவளுக்கு இனிப்புப் புடிக்குமா காரம் புடிக்குமான்னே எனக்குத் தெரியல அம்முணி. எங்க வீட்டுல கடைசியா என்ன மிச்சம் இருக்குதோ அதத்தான் சாப்புடுவா. எது குடுத்தாலும் "சரிங்கம்மா"தான். அதுதான் அவகிட்ட இருக்கற ஒரே கெட்ட பழக்கம். ஒரு தடவையாவது வாயத் தொறந்து இது எனக்குப் புடிக்கும்னு சொல்லியிருந்தா, இன்னைக்கு நான் இப்படி முழிச்சுக்கிட்டு உக்காந்திருப்பனா, நீயே சொல்லு?